ஆலனில் ஒரு ராத்திரிப் பூ

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு ஆலனில் என்ன காட்டுவது? இங்கே இருக்கும் எல்லாத் தமிழ்க் குடும்பங்களுக்கும் உள்ள பிரச்னை இது. டாலஸிலிருந்து 75-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறினால் ரிச்சர்ட்சன், பிளேனோ, அடுத்தது ஆலன். கடல் இல்லை, மலை இல்லை. 18,000 பேர் உட்காரும் பள்ளிக்கூட ஃபுட்பால் ஸ்டேடியம் இருக்கிறது. அதைக் காட்டினால், "பள்ளிக்கூடத்துக்கா இவ்வளவு செலவு பண்ணியிருக்கான்?" என்று மாமனார் கேட்பார். ஸ்டேஷன் பூங்கா பக்கம், ரயில் இன்ஜின்களுக்குத் தண்ணீர் பிடிக்க 1874-இல் கட்டிய கல் அணை இருக்கிறது. அது பத்து நிமிஷம். 1878-இல் சாம் பாஸ் என்கிற கொள்ளைக்காரன் இந்த ஊரில்தான் ரயிலை மறித்தான் என்று சொன்னால் பசங்க கொஞ்சம் காது கொடுப்பாங்க. அப்புறம் அவுட்லெட் மால். முடிந்தது ஆலன் தரிசனம்.

ஆனால் மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை எங்கள் ஊரில் இன்னொரு சுற்றுலா உண்டு. எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் இருக்காது. திடீரென்று ஒரு நாள் சாயங்காலம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் வரும். தொங்குகிற பச்சைத் தண்டு, அதன் ஓரத்திலிருந்து கிளம்பி அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்து மேலே நிமிர்ந்த ஒரு வெள்ளை மொட்டு. கீழே ஒரு வரி: "இன்னைக்கு நைட் பூத்துடும் போல. ஒன்பதரைக்கு மேல வாங்க, டீ போட்டு வைக்கிறேன்."

ஜூன் மாதத்தில் இங்கே எட்டரைக்கு மேல்தான் இருட்டும். ஒன்பது மணிக்கு மொட்டு லேசாக வாய் திறக்கும். பத்தரைக்கு வாசனை வரவேற்பறை வரைக்கும் வந்துவிடும். நள்ளிரவில் முழுசாக விரிந்து, விரித்த உள்ளங்கையை விடப் பெரிதாக நிற்கும். விடிகிற நேரத்தில் துணி துவைத்துப் பிழிந்த மாதிரி தொங்கிப்போகும். ஆகையால் மறுநாள் எட்டு மணிக்கு மீட்டிங் இருக்கிறது என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. பிள்ளைகளைப் பைஜாமாவோடு காரில் ஏற்றிக்கொண்டு போவோம். போன முறை வந்திருந்த என் அம்மா நயாகராவைவிட இதைப் பற்றித்தான் ஊரில் அதிகம் பேசுகிறார்.

ஒரு பூ, நாலு பெயர்

நம் வீடுகளில் இதைப் பிரம்ம கமலம் என்கிறோம். நடுவில் இருக்கும் சூலகமும் மகரந்தக் கம்பிகளும் பாம்புப் படுக்கையில் பெருமாள் படுத்திருப்பது மாதிரி தெரிகிறது என்பார்கள். மொட்டு விரியும்போது விளக்கேற்றிக் கற்பூரம் காட்டுகிற வீடுகள் ஆலனிலும் உண்டு. கேரளாவில் இதே பூ நிஷாகந்தி. திருவனந்தபுரம் கனகக்குன்னு அரண்மனை வளாகத்தில் இருக்கும் திறந்தவெளி அரங்குக்கே அந்தப் பெயர்தான். இலங்கையில் கடுபுல். சீனாவில் தான்ஹுவா. வந்த வேகத்தில் மறைந்துபோகிற பெருமையைச் சொல்ல அவர்களுக்கு இந்தப் பூவை வைத்தே ஒரு சொலவடை இருக்கிறது.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு சீனப் பாட்டி. ஆங்கிலம் பத்து வார்த்தைதான் தெரியும். முதல் தடவை எங்கள் வீட்டு வாசலில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு எட்டிப் பார்த்தவர், "தான்ஹுவா! தான்ஹுவா!" என்று கை தட்டினார். காலையில் வந்து, வாடிய பூவைத் தரமுடியுமா என்று சைகையில் கேட்டார். சூப்பில் போடுவாங்களாம். பிரம்மன் பூவை சூப்பில் போடுவதா என்று என் மாமியாருக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. அப்புறம், "வாடினதுதானே, எடுத்துக்கச் சொல்லு" என்றார். இப்போது ஒவ்வொரு தடவையும் பாட்டிக்கென்று எடுத்து வைப்பதே அவர்தான்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். நிஜமான பிரம்ம கமலம் இது இல்லை. உத்தராகண்ட் மாநிலத்தின் மாநில மலர் பிரம்ம கமலம் இமயமலையில் பத்தாயிரம் அடிக்கும் மேலே வளர்வது, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. கேதார்நாத் பக்கம் பூஜைக்கு வைப்பது அதைத்தான். நம் தொட்டியில் இருப்பது எபிஃபில்லம் ஆக்ஸிபெட்டாலம், சொந்த ஊர் தெற்கு மெக்சிகோவும் அதை ஒட்டிய நாடுகளும். அதாவது கோவில்பட்டி மாடியில் நாம் பார்த்ததுதான் வெளிநாட்டுச் செடி. டெக்சஸில் பார்ப்பது கிட்டத்தட்ட பக்கத்து ஊர்க்காரர்.

கள்ளிதான், ஆனால் பாலைவனம் இல்லை

இதைக் கள்ளி என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. முள் எங்கே? நாம் இலை என்று நினைப்பது இலையே இல்லை, தட்டையான தண்டு. அதனால்தான் "இலையிலிருந்து" பூ வருகிறது. எபிஃபில்லம் என்ற பெயருக்கே இலைமேல் என்றுதான் அர்த்தம். பெயர் வைத்தவருக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது.

பாலைவனக் கள்ளி தரையில் நின்று வெயில் குடிக்கும். இந்தக் காட்டுக் கள்ளிகள் பெரிய மரங்களின் கிளைக் கவட்டையில், மக்கிய இலைகளில் வேர் பிடித்து, கீழே தொங்குகிறவை. ஒட்டுண்ணி கிடையாது, மரத்திடமிருந்து ஒன்றும் உறிஞ்சாது. இடம் மட்டும்தான் வாடகைக்கு. கள்ளிக் குடும்பத்தின் ஒரு வழக்கத்தை மட்டும் விடவில்லை. பகலில் மூச்சுத் துளைகளைச் சாத்திக்கொண்டு, ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்து வைத்து, மறுநாள் வெயிலில் சமையல் செய்துகொள்ளும். எங்கள் ஆபீஸ் பாஷையில் சொன்னால் நைட் பேட்ச் ஜாப். பூவும் நைட் ஷிஃப்ட்தான். ராத்திரியில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகளைக் கூப்பிடத்தான் அந்த வெள்ளை நிறமும் அந்த வாசனையும்.

இந்தக் கூட்டத்தில் இன்னும் சில பேர் ஆலன் வீடுகளில் இருக்கிறார்கள். நவம்பரில் கடைகளில் வரும் தேங்க்ஸ்கிவிங் கள்ளி, பிரேசிலில் ரியோ பக்கத்து மலைக்காடுகளிலிருந்து வந்தது. கிறிஸ்துமஸ் கள்ளி என்று எழுதி விற்பதும் பெரும்பாலும் இதேதான். தண்டின் ஓரம் கூரான பல் மாதிரி இருந்தால் தேங்க்ஸ்கிவிங், மழுங்கி அலைபோல இருந்தால் கிறிஸ்துமஸ். பிரேசிலில் இதை மே மாதப் பூ என்பார்கள். அங்கே இலையுதிர் காலம் அப்போதுதான். இரவு நீளும்போது மொட்டு வைக்கிற செடி. செப்டம்பர் கடைசியிலிருந்து ஆறு வாரம் ராத்திரி விளக்கு வெளிச்சம் படாத அறையில் வைத்தால் போதும். டிராகன் ஃப்ரூட்டும் நெருங்கிய சொந்தம்தான். மீன்முள் மாதிரி வளைந்து வளைந்து தொங்கும் இன்னொன்றும் உண்டு, பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

இன்னொரு செடியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். மெக்கின்னியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணா வீட்டில், பச்சை நூடுல்ஸைக் கொத்தாகத் தொங்கவிட்ட மாதிரி ஒரு தொட்டி. ரிப்சாலிஸ். "இது எங்கட நாட்டுச் செடி, தெரியுமோ?" என்பார். கிண்டல் என்று நினைத்தோம், இல்லை. கள்ளிகள் அத்தனையும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. விதிவிலக்கு இந்த ஒன்று. ரிப்சாலிஸ் பாக்ஸிஃபெரா மட்டும் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் இலங்கையிலும் காட்டுச் செடியாக இருக்கிறது. பிசுபிசுப்பான அதன் வெள்ளைப் பழத்தைத் தின்ற பறவைகள் கொண்டுபோனதா, கப்பலில் மனிதர்கள் கொண்டுபோனதா என்று தாவரவியல்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். அண்ணா பறவைக் கட்சி. "விசா இல்லாமல் போனது அது ஒண்டுதான்" என்பார்.

கரிசலும் கரிசலும்

நான் வளர்ந்தது கோவில்பட்டி. கரிசல் மண். மழை பெய்தால் செருப்பைப் பிடித்து இழுக்கும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும். வேலை கிடைத்து ஆலனுக்கு வந்து முதல் கோடையில் கொல்லைப்புறத்தைப் பார்த்தேன். அதே கறுப்பு, அதே வெடிப்பு. இந்தப் பகுதிக்கே பிளாக்லேண்ட் பிரெய்ரி என்றுதான் பெயர். மண்ணியலில் இரண்டும் ஒரே வகை. அங்கேயும் பருத்தி, இங்கேயும் ஒரு காலத்தில் பருத்தி. 1970-இல் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர், 2020 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. பருத்திக்காடு இருந்த இடத்தில்தான் நாம் இ.எம்.ஐ. கட்டிக்கொண்டிருக்கிறோம். மண் சுருங்கி அஸ்திவாரம் விரிசல் விடக்கூடாதென்று கோடையில் வீட்டைச் சுற்றிக் குழாய் போட்டு மண்ணுக்குத் தண்ணீர் விடுவார்கள். செடிக்கு ஊற்றுவார்கள், வீட்டுக்கு ஊற்றுவதை இங்கேதான் பார்த்தேன்.

இந்த மண்ணில் காட்டுக் கள்ளியைத் தரையில் வைத்தால் வேர் மூச்சுமுட்டி அழுகிவிடும். கோடையில் நூறு டிகிரி வெயில் தண்டை மஞ்சளாக்கிச் சுட்டுவிடும். 2011-இல் டாலஸ் விமான நிலையத்தில் நூறைத் தொட்ட நாட்கள் 71. குளிர்காலத்தில் உறைபனி. ஆக, இங்கே இது தொட்டிச் செடி, வீட்டுச் செடி. ஏப்ரலில் வெளியே வரும், நவம்பரில் உள்ளே போகும். ஊருக்கும் இங்கேயுமாகப் போய்வரும் நம் அப்பா அம்மா மாதிரி.

ஒரு துண்டிலிருந்து ஒரு செடி

குழுவில் அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

நன்றாக முற்றிய தட்டைத் தண்டில் ஒரு ஜாண் நீளம் வெட்டுங்கள். ஏப்ரல், மே நல்ல நேரம். எது அடிப்பக்கம் என்று பேனாவால் ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள், தலைகீழாக நட்டால் சண்டித்தனம் செய்யும். உடனே நடவேண்டாம். வெயில் படாத இடத்தில் ஒரு வாரம் சும்மா போட்டு வையுங்கள். வெட்டிய வாய் காய்ந்து தோல் கட்டவேண்டும். நம் அம்மாக்களுக்கு இந்த ஒரு வாரம்தான் பொறுக்காது. "பாவம், வாடுது" என்று தண்ணீரில் போட்டுவிடுவார்கள்.

கலவை ரொம்ப முக்கியம். தொட்டி மண் பாதி, ஆர்கிட் செடிக்கு விற்கும் மரப்பட்டைத் துண்டும் பெர்லைட்டும் சேர்ந்து மீதிப் பாதி. தேங்காய் நார்த் துண்டும் நல்லது. தண்டு இரண்டு அங்குலம் மண்ணுக்குள் இருந்தால் போதும், சாயாமல் ஒரு குச்சி கட்டுங்கள். ஒரு வாரம் கழித்து லேசாகத் தண்ணீர். மூன்றிலிருந்து ஆறு வாரத்தில் வேர் பிடித்துவிடும். மெதுவாக இழுத்துப் பார்த்தால் அது உங்களைத் திருப்பி இழுக்கும், அதுதான் அடையாளம்.

அப்புறம், மேல் மண் காய்ந்த பிறகு தண்ணீர். கீழே தட்டில் தேங்கக்கூடாது. நம் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு கொஞ்சம் ஜாஸ்தி, கெட்டிலின் அடியைப் பார்த்தாலே தெரியும். மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினால் செடிக்குக் கொண்டாட்டம். கிழக்கு ஜன்னல் அல்லது மர நிழல். பெரிய தொட்டிக்கு அவசரப்பட்டு மாற்றாதீர்கள், வேர் நெருக்கமாக இருந்தால்தான் மொட்டு வைக்கும். வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி வந்தால், காது குடையும் பஞ்சுக் குச்சியை ரப்பிங் ஆல்கஹாலில் நனைத்துத் துடைத்துவிடுங்கள். மொட்டு வந்த பிறகு தொட்டியை இங்கேயும் அங்கேயும் நகர்த்தாதீர்கள், உதிர்ந்துவிடும். முதல் பூவுக்கு இரண்டு, மூன்று வருஷம் ஆகலாம்.

ஊரில் அம்மா வீட்டுச் செடியிலிருந்தே ஒரு துண்டைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள செடி கொண்டுவர அந்த நாட்டு அரசின் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். போதாததற்குக் கள்ளிக் குடும்பம் கிட்டத்தட்ட மொத்தமுமே சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது, அதற்குத் தனிக் காகிதம். இங்கேயே நாலு வீடு தள்ளிக் கிடைப்பதற்கு ஏர்போர்ட்டில் நின்று பதில் சொல்லவேண்டாம்.

அக்காவின் தொட்டி

எங்கள் வீட்டுக்கு இந்தச் செடி வந்தது 2019-இல். அடுத்த தெருவில் இருந்த கோயம்புத்தூர் அக்கா கொடுத்தது. அந்தக் குடும்பம் பதினோரு வருஷமாக இங்கே இருந்தது. க்ரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டே இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், வீடும் வாங்கினார்கள். அந்த வருஷம் அண்ணாவுக்கு வேலை போயிற்று. எச்-1பி-யில் இருப்பவர்களுக்கு அதற்கு மேல் 60 நாள்தான். அதற்குள் வேறு வேலை, இல்லையென்றால் ஊர். இன்டர்வியூக்கள் நடந்துகொண்டிருக்கும்போதே அக்கா ஒரு பக்கம் சாமான்களைப் பட்டியல் போட ஆரம்பித்துவிட்டார். சோபாவையும் காரையும் விற்றார்கள். செடிகளை விற்க அவருக்கு மனசு வரவில்லை. ஒன்பது தொட்டி, ஒன்பது வீடு. எங்களுக்குப் பிரம்ம கமலம். "தண்ணி ஜாஸ்தி ஊத்திராதே, பேசாம விட்டா அதுவே பூக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

2020 வசந்தத்தில், எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, மூன்று துண்டு வெட்டிக் காகிதத்தில் சுற்றி மூன்று வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கதவைத் தட்டக்கூட இல்லை, மெசேஜ் மட்டும்.

2021 பிப்ரவரி வந்தது. டெக்சஸில் இருந்த யாரும் அந்த வாரத்தை மறக்கமாட்டார்கள். 16-ஆம் தேதி டாலஸ் விமான நிலையத்தில் மைனஸ் 2 ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 19 செல்சியஸ். மாநிலம் முழுக்க 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் கரண்ட் இல்லை. எங்கள் தெருவில் விட்டு விட்டு வந்த கரண்ட், பிறகு வரவே இல்லை. நாங்கள் நாலு பேரும் ஒரே அறையில், இருக்கிற போர்வை அத்தனையும் போர்த்திக்கொண்டு கிடந்தோம். மகளுக்கு அப்போது மூன்று வயது. அடுப்பில் பால் காய்ச்ச முடியவில்லை. மறுநாள் கரண்ட் இருந்த ஒரு நண்பர் வீட்டுக்கு, பனியில் ஊர்ந்து ஊர்ந்து காரில் போய்ச் சேர்ந்தோம். சாதாரணக் குளிர்காலத்துக்கு கராஜே போதும் என்பதால் தொட்டிகள் எல்லாம் அங்கே இருந்தன. அந்த வாரம் கராஜும் ஐஸ் பெட்டியாகிவிட்டது.

திரும்பி வந்து பார்த்தபோது தண்டெல்லாம் கண்ணாடி மாதிரி ஈரமாக மின்னியது. இரண்டு நாளில் வேகவைத்த கீரையாகிவிட்டது. வேரும் போச்சு. குழாய் வெடித்து, கூரை இடிந்து எத்தனையோ பேர் கஷ்டப்பட்ட வாரத்தில் ஒரு செடி பெரிய நஷ்டம் இல்லை. உயிரே போனவர்கள் உண்டு. ஆனாலும் அக்காவுக்கு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குடும்பம் பதினோரு வருஷம் இங்கே இருந்ததற்கு இந்த ஊரில் மிச்சம் இருந்தது அந்த ஒன்பது தொட்டிதான்.

மார்ச் மாதம் யாழ்ப்பாணத்து அண்ணாவிடமிருந்து ஒரு படம் வந்தது. 2020-இல் அவர் வாசலில் வைத்த துண்டு. அவர்கள் வீட்டில் கேஸில் எரியும் கணப்பு இருந்ததால் அந்த வாரம் செடியையும் பிள்ளைகளோடு கணப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்திருக்கிறார்கள். நுனி மட்டும் கருகி, அடி பச்சையாக இருந்தது. ஏப்ரலில் அதிலிருந்து ஒரு ஜாண் வெட்டிக் கொடுத்தார். அக்காவின் பழைய தொட்டியைக் கழுவி அதிலேயே நட்டோம்.

வேலையில் நாங்கள் தினமும் சொல்கிற பாடம்தான்: ஒரே இடத்தில் இருக்கும் காப்பி காப்பி இல்லை. விதையில் வளர்ந்தால் அது பிள்ளை. துண்டில் வளர்ந்தால் அது அதே செடி, மரபணு மாறாது. ஆக, அக்காவின் செடி சாகவில்லை. வீடு மாறி இருந்தது, அவ்வளவுதான்.

2023 ஜூனில் இரண்டு மொட்டு. இங்கே ராத்திரி பத்தரை ஆகும்போது கோயம்புத்தூரில் காலை ஒன்பது. வீடியோ காலில் அக்காவைக் கூப்பிட்டேன். சமையலறையில் பின்னால் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. போனைப் பூவுக்கு நேரே பிடித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அந்த நீலத் தொட்டி நான் பிளேனோவுல வாங்கினதுல்ல? இன்னும் வெச்சிருக்கியா?" என்றார். பூவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடந்ததை எல்லாம் அப்போதுதான் சொன்னேன். "நல்லவேளை, நாலு பேருக்குக் கொடுத்தே" என்றார்.

உங்கள் வீட்டில் இருந்தால், நவம்பரில் உள்ளே எடுத்து வைப்பதற்கு முன்னால் வேர் பிடித்த ஒரு கன்றையாவது வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள், முடிந்தால் வேறு ஊருக்கு. யாரிடம் கொடுத்தோம் என்று எங்கேயாவது குறித்தும் வையுங்கள். ஆலன் பக்கம் வந்தால் சொல்லுங்கள், எங்களிடம் இப்போது ஐந்து கன்று தயாராக இருக்கிறது.